கல் கட்டிய துறை, சேறு கட்டிய தீவு

தென்னேரியின் கரைமேல் நடந்தவர்களுக்கு ஒன்று சொல்லாமலே விளங்கும். ஏரி என்றால் இரண்டு வேலை: கரை ஒன்று, தூர் ஒன்று. கரையை மட்டும் உயர்த்திக்கொண்டு போனால் உள்ளே வண்டல் ஏறி, நீர் நிற்க இடமிராது. தூரை மட்டும் வாரிக்கொண்டிருந்தால் ஐப்பசி மழையில் கரை உடைத்துக்கொள்ளும். அதனால்தான் வாரிய தூரைக் கரையிலேயே போடச் சொன்னார்கள் பழையவர்கள். உத்திரமேரூர்ச் சபை ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்திருந்தது. தூர் எடுத்துக் கரையில் சேர்ப்பதற்கு நிவந்தம் விட்ட கல்வெட்டுகளும் தொண்டை மண்டலத்தில் உண்டு.

ஏரிகளை மட்டுமே பார்த்து வளர்ந்த காஞ்சிபுரத்துக் கண்ணால் துறைமுகங்களை அளப்பது பொருத்தமா என்று கேட்கலாம். சென்னைத் துறைமுகத்தையும் கொச்சியின் வில்லிங்டன் தீவையும் அருகருகே வைத்துப் பார்க்க முனைந்தபோது எனக்கு இதைவிடத் தோதான தராசு கிடைக்கவில்லை. முதல் பார்வையில் வேறுபாடு தெளிவானது. சென்னை கரை போட்ட ஊர், கொச்சி தூர் வாரிய ஊர். சென்னை திறந்த கடலுக்குள் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டி அலையை நிறுத்தியது. கொச்சி கடலடி மண்ணை அள்ளிவந்து காயலுக்குள் கொட்டி ஒரு தீவையே எழுப்பியது. கிட்டப் போய்ப் பார்க்கப் பார்க்க இந்தப் பிரிவினை குழம்புகிறது. அந்தக் குழப்பம்தான் இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு ஊர்களின் குறையும் நேரெதிரானது. சென்னையில் ஒதுங்க இடமே இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள், அலை அடித்தால் நெளிந்துகொடுத்து, ஆளையும் மூட்டையையும் கரை சேர்க்கும். கொச்சியிலோ ஒதுங்க இடம் தாராளமாக இருந்தது. மழைக்காலத்திலும் சலனமற்றுக் கிடக்கும் காயல் அது. ஆனால் முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு மணல்திட்டு குறுக்கே படுத்திருந்தது. எட்டு, ஒன்பது அடிக்கு மேல் நீர் வேண்டிய கப்பல் அதைத் தாண்ட முடியாது. சென்னையில் வீடே இல்லை. கொச்சியில் வீடு இருந்தது, கதவு அடைத்திருந்தது. விளைவு மட்டும் ஒன்று: இரண்டு இடத்திலும் கப்பல் வெளியே நின்றது, சரக்கு படகில் ஏறியது.

இரண்டு வேலைக்கும் ஆணை பிறந்த இடமும் ஒன்றே. பிரிட்டிஷ் கொச்சி அன்று மலபார் ஜில்லாவின் ஒரு துண்டு; மலபாரோ சென்னை மாகாணத்தின் ஜில்லா. செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த காஞ்சிபுரமும், அரபிக்கடல் ஓரத்துக் கொச்சிக் கோட்டையும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த அதே அரசுக்குத்தான் வரி கட்டின. தீவுக்குப் பெயர் தந்த வில்லிங்டன் பிரபு 1919 முதல் 1924 வரை சென்னையின் ஆளுநர். கொச்சியைக் கட்டிய ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் வந்து இறங்கியது சென்னை அரசின் பொறியாளராகத்தான். கேரளத்தின் பெருமை என்று நாம் பார்க்கப் போகும் தீவு, கோப்பளவில் சென்னையின் தம்பி. ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் முடிவெடுக்க ஓர் அரசு போதும். கொச்சியின் காயலுக்கோ மூன்று உரிமைக்காரர்கள்: சென்னை மாகாணம், கொச்சி சமஸ்தானம், திருவிதாங்கூர் சமஸ்தானம். டில்லியும் சேர்ந்து 1925-இல் நால்வரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்த பிறகே பெரிய வேலை நடந்தது. சென்னையின் பொறியாளர்கள் கடலோடு மட்டும் மல்லுக்கு நின்றார்கள். பிரிஸ்டோ சுங்க வருமானப் பங்கோடும் மல்லுக்கு நின்றார்.

அவர்கள் கடலை அணுகிய விதத்தில் ஒரு தலைமுறை இடைவெளி தெரிகிறது. சென்னைக்குத் திட்டம் போட்டவர் வில்லியம் பார்க்ஸ். ஆங்கில எல் எழுத்துப்போல மடங்கிய இரண்டு கரங்களைக் கடலுக்குள் நீட்டி, கிழக்கே வாசல் விட்டு, நடுவில் அமைதியான நீரைச் சிறைப்பிடிப்பது அவர் எண்ணம். 1870-களின் நடுவில் வேலை தொடங்கியது. பல்லாவரத்துக் குன்றுகள் உடைந்து கடலுக்குப் போயின. அடியில் கற்குவியல், அதன்மேல் மனிதர் அசைக்க முடியாத கான்கிரீட் கட்டிகள். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் அந்தக் கட்டிகளைப் புரட்டிப் போட்டது. அரை மைலுக்கும் மேலான சுவர் போயிற்று. மறுபடி கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் ஆயின.

பிரிஸ்டோ கட்டுவதற்கு முன் அளந்தார். ஓதம், நீரோட்டம், மணல் நகர்வு, திட்டின் உட்பொருள் என்று ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்தார். அந்தத் திட்டை வெட்டவே முடியாது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். வெட்டினால் கடல் உள்ளே பாய்ந்து முகத்துவாரத்தை ஒட்டிய வைப்பின் தீவின் கரையைத் தின்றுவிடும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். சோதனையாக ஒரு வழி வெட்டிப் பார்த்து, அது மழைக்காலத்தைத் தாங்கி நிற்கிறதா என்று கவனித்த பிறகே முழு வேலையில் இறங்கினார். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் புதிய கால்வாய் வழியே காயலுக்குள் நுழைந்தது.

பார்க்ஸ் அவசரப்பட்டார், பிரிஸ்டோ நிதானித்தார் என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காயலுக்குள் இருப்பவருக்குக் காத்திருக்க இடம் இருக்கிறது. திறந்த கடலில் சுவர் எழுப்புகிறவருக்குப் பாதிச் சுவர் என்பது சுவரே இல்லை. நிறுத்தி யோசிக்கும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமும் அதைச் சோதிக்கும். சென்னை விழுந்த கதையை வாசித்துவிட்டுத்தான் கொச்சியின் காலத்துப் பொறியாளர்கள் தொழில் கற்றார்கள் என்பதையும் தராசில் வைக்க வேண்டும்.

இனித்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

சென்னையின் சுவர் நின்றுவிட்ட பிறகு வேறொரு எதிரி வந்தது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, தெற்கத்திக் காற்றும் அலையும் சேர்ந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். வரவு செலவு பார்த்தால் நிகரம் வடக்குதான். அப்படிப் பயணப்பட்ட மணல் தெற்குக் கரத்தில் முட்டித் தேங்கியது. தேங்கி நிறைந்தபின் கரத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலையே அடைக்க வந்தது. 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை மூடினார், வடகிழக்கில் புது வாசல் திறந்தார், அதற்கு மறைவாக இன்னொரு கரம் நீட்டினார். அவர் வேலை எல்லாம் கல் வேலையாகத் தெரியும். அடிப்படையில் அது மணலின் நடையைப் புரிந்துகொண்டு அதற்கு வழிவிட்ட வேலை. சென்னையின் இரண்டாம் சிற்பி தூர் அறிந்தவர்.

கொச்சியில் நடந்தது இதன் மறுபக்கம். தூர் வார வந்த பிரிஸ்டோவின் தொடக்க கால வேலைகளுள் ஒன்று கல் கொட்டுவது. வைப்பின் கரை கரையாதிருக்கக் கருங்கல்லால் தடுப்புகள் போட்டார். நம் மீனவர்கள் இன்று தூண்டில் வளைவு என்று சொல்கிற வகையின் மூதாதை அது. கரை காக்கப்படும் என்று காட்டிய பிறகுதான் வாசலை ஆழப்படுத்த அவருக்குத் தைரியமாகச் சொல்ல வாய்த்தது. தீவும் அப்படித்தான். தூர்வாரிக் கப்பல் மண்ணை நீரோடு கலந்து நீண்ட குழாய் வழியே பீய்ச்சும். பீய்ச்சிய சேறு நீர்போலவே ஓடிப்போகும். நீர் வடிய வேண்டும், மண் தங்க வேண்டும். அதற்கு விளிம்பில் கட்டு வேண்டும். சேற்று வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி. வெண்டுருத்தி என்ற சிறு இயற்கைத் தீவை ஒட்டி இவ்வாறு மண் நிரப்பி, சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் நிலம் தண்ணீரிலிருந்து எழுந்தது. பிறகு கப்பல் அணையும் பக்கங்களில் துறைச்சுவர்.

ஆக, கல்லை நம்பியவர் மணலிடம் பாடம் கேட்கப் போனார். மண்ணை நம்பியவர் கல்லிடம் அடைக்கலம் கேட்டார். எங்கள் ஊர்த் தறியில் இதற்கு ஒரு பெயர் உண்டு: கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கோர்வை போடத் தறியில் ஒருவர் போதாது, பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். புடவை நைந்தால்கூட அந்த மூட்டு விடாது.

ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சிறு விலகலைத் தவிர்க்க மனம் வரவில்லை. 1912 மார்ச் முதல் தேதி அவருடைய அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு ஒரு கணக்கு எழுத்தர் சேர்ந்தார்: சீனிவாச ராமானுஜன். குழந்தைப் பருவத்தில் சில காலம், தாய்வழிப் பாட்டனார் வேலை பார்த்த காஞ்சிபுரத்தில் இருந்து பள்ளிக்குப் போனவர். மணல் வரவும் கப்பல் வரவும் எழுதிய அந்தக் கட்டடத்தில்தான் அவருடைய சூத்திரங்களும் கைக்குக் கை மாறின. ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து எழுதினார். 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியதும் இதே துறைமுகத்தில். மசூலாப் படகின் காலமாக இருந்திருந்தால், கடலைக் கண்டு தயங்கிய ஒரு வைதீகக் குடும்பத்துப் பிள்ளை அலைக்கு நடுவே படகில் குதித்திருப்பாரா என்று சில வேளை நினைத்துக்கொள்வேன்.

நிலத்துக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் வியப்பளித்தது இதுதான்: இரண்டு ஊரும் நிலம் கேட்கவில்லை. சென்னை கேட்டது அமைதியான நீர். கொச்சி கேட்டது ஆழமான நீர். இரண்டுக்கும் நிலம் கூடுதலாகக் கிடைத்தது.

சென்னைக்குக் கேளாமல் கிடைத்த நிலம் மெரினா. புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலருகே ஒருகாலத்தில் அலை வந்துபோனது. தெற்குக் கரம் மணலைத் தடுத்ததும் கடல் ஆண்டுக்காண்டு பின்வாங்கியது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டபோது மணல் சேரும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இன்று உலகத்துக்குக் காட்டும் அகன்ற கடற்கரையில் பெரும்பகுதியை எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் போடவில்லை. துறைமுகச் சுவர் அதை ஈன்றது.

கொச்சிக்குக் கிடைத்த நிலமோ எண்ணிப் போட்டது. கால்வாயிலிருந்து எடுத்த மண்ணை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கடலில் கொட்டினால் அலை அதைத் திரும்பக் கொண்டுவரும். அதையே நிலமாக்கினால் துறைச்சுவருக்குப் பின்னால் கிடங்கு போடலாம், ரயில் விடலாம். பிரிஸ்டோ குப்பையைத் திட்டத்தின் நடுவே வைத்தார். தூரைக் கரையில் போடு என்ற ஏரிக்காரனின் விதி, அவர் கேள்விப்பட்டிராமலே, அங்கே செயலுக்கு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் என் மனம் தயக்கமின்றிக் கொச்சி பக்கம் சாய்கிறது. சென்னைக்குக் கிடைத்தது கடலின் தற்செயலான கொடை. கொச்சிக்குக் கிடைத்தது ஒரு யோசனையின் விளைச்சல்.

இரண்டு ரயில் நிலையங்கள் இந்த நிலக்கதையைத் தம் பெயரிலேயே வைத்திருக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போனால் கடைசியில் இறங்குவது சென்னை கடற்கரை நிலையம். அங்கே கடல் தெரியாது. ராஜாஜி சாலைக்கு அப்பால் துறைமுகம் இட்டு நிரப்பிய நிலமும் கிடங்குகளும் பாரந்தூக்கிகளும் நிற்கின்றன. கடல் விலகிப்போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. வில்லிங்டன் தீவில் இதன் இரட்டை இருக்கிறது: கொச்சி துறைமுக முனையம். காயல் நீர் தளும்பிய இடத்தில் தண்டவாளம் போட்டுக் கட்டிய நிலையம். முந்தையது கரையில் பிறந்து கரையை இழந்தது. பிந்தையது நீரில் பிறந்து பயணிகளை இழந்தது.

இத்தனை நேரமும் கல்லும் சேறும் எதிரெதிர் என்ற எண்ணத்தோடேயே வந்தோம். கேரளக் கடல் அந்த எண்ணத்தையே கலைத்துவிடும். ஆலப்புழை, நாரக்கல் பக்கம் மழைக்காலத்தில் சாகரை என்ற ஒன்று தோன்றும். கடலடிச் சேறு கலங்கி எழுந்து குழம்பாக மிதக்கும் பரப்பு அது. பேரலை அந்தக் குழம்புக்குள் நுழைந்ததும் தன் வேகத்தை அதில் கரைத்துவிட்டு அடங்கிப்போகும். சுற்றிலும் கடல் கொந்தளிக்கும்போது நடுவில் ஒரு திட்டு மட்டும் எண்ணெய் விட்டதுபோல் கிடக்கும். மீனவர்கள் ஆனியிலும் ஆடியிலும் அங்கே வள்ளம் இறக்குவார்கள். ஆலப்புழையில் சுவர் எதுவும் இல்லாமலே கப்பல்கள் இந்தச் சேற்றின் மறைவில் நின்று சரக்கேற்றின. பல்லாவரத்துக் குன்றை உடைத்துக் கடலில் போட்டுச் சென்னை எதைச் சாதித்ததோ, அதையே அங்கே சேறு சும்மா கிடந்து சாதித்தது. பிரிஸ்டோ இந்தச் சேற்றுத் திட்டுகளின் வரலாற்றைத் தனிநூலாகவே எழுதினார். அது 1938-இல் வெளிவந்தது. துறைமுகம் கட்டி முடித்த ஒருவர், துறைமுகமே தேவைப்படாத ஓர் ஏற்பாட்டை உட்கார்ந்து ஆராய்ந்தார் என்பதில் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது.

செலவுப் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். சென்னையின் செலவு வடக்கே விழுந்தது. மெரினாவில் தங்கிவிட்ட மணல் இராயபுரத்துக்கும் அதற்கு அப்பாலும் போயிருக்க வேண்டியது. அது வராததால் கடல் அங்கே கரையைத் தின்றது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக மீனவத் தெருக்கள் கடலுக்குள் போயின. கட்டுமரம் இழுத்துப் போட்டு வலை உலர்த்திய மணல்வெளி போய், பாறாங்கல் குவியல் வந்தது. ஓரிடத்தில் கல் போட்டால் அரிப்பு அதன் வடக்கு முனைக்கு நகரும். அங்கும் கல் போட வேண்டும். முதல் சுவருக்கு உரியவர் யார் என்பது தெரியும். அதன் பேரப்பிள்ளைகளான இந்தச் சுவர்களுக்குள்தான் ஒரு மக்கள் கூட்டம் தன் கடலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

கொச்சியின் செலவு வேறு தினுசு. கதவைத் திறந்தவர்கள் அதைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும். ஆறுகள் வண்டலைக் கொண்டுவருகின்றன, கடலும் மழைக்காலத்தில் சேற்றைத் தள்ளுகிறது. கால்வாய் ஆண்டுதோறும் தூர்கிறது. 1928-இல் பத்மா நுழைந்த நாளிலிருந்து இன்றுவரை தூர்வாரிக்கு ஓய்வில்லை. பெட்டகக் கப்பல்களுக்காக வல்லார்பாடத்தில் 2011-இல் முனையம் திறந்தபின் ஆழத்தின் தேவை கூடிற்று. முகத்துவாரத்துக்குத் தெற்கே செல்லானத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுக்குள் கடல் வந்தது. ஆழமான கால்வாய் கரையோர மணலின் போக்கை அறுப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது அந்த மக்களின் நெடுநாள் வாதம். கடைசியில் அங்கே பல கிலோமீட்டருக்கு டெட்ராபாட் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். நாற்கால் கான்கிரீட் கட்டிகள் ஒன்றன் காலுக்குள் ஒன்று காலை நுழைத்து நிற்கும் அந்தச் சுவரைப் பார்த்தபோது, புரண்டு விழுந்த பார்க்ஸின் கட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. சேற்றால் கட்டிய துறையும் கடைசியில் கல்லிடம் வந்து நின்றது.

சென்னையின் கடன் ஒரே முறை வாங்கியது. அண்டை வீட்டுக்காரர் அதை அடைத்துக்கொண்டிருக்கிறார். கொச்சியின் கடனுக்கு வட்டியை ஆண்டுதோறும் பெரும்பாலும் துறைமுகமே கட்டுகிறது. எது மேல் என்றால், செல்லானத்தை மறக்காமலே, கொச்சியின் ஏற்பாட்டில் நேர்மை கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்வேன். தூர்வாரி நின்றால் மறு ஆண்டே தன் வாசல் அடைபடும் என்ற அச்சம் ஒரு துறைமுகத்தைக் கணக்கு வைக்கச் செய்கிறது. சுவர் அந்த அச்சத்தைத் தருவதில்லை.

வில்லிங்டன் தீவுக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரி வாய்க்கால் ஓரம், தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே விடியற்காலையில் தமிழ் கேட்கும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் அங்கேதான் விசைப்படகு கட்டுகிறார்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்து சுறாவும் சூரையும் கொண்டுவருகிறார்கள். பிரிஸ்டோ திறந்த வாசல் வழியாகத்தான் போக்குவரத்து. அவர்கள் சொந்த ஊர்ப் பக்கமும் கடலரிப்புக்குத் தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறார்கள். தேங்காப்பட்டணத்தில், குழித்துறை ஆறு கடலில் விழும் இடத்தில், அலைதடுப்புச் சுவர் கட்டித் துறைமுகமும் அமைத்தார்கள். அதன் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டது. அந்த மேட்டில் அலை உடைந்து படகுகள் கவிழ்ந்தன. வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பலர் இறந்தார்கள். தூர் வாரக் கேட்டும், சுவரை மாற்றி அமைக்கக் கேட்டும் மீனவர்கள் போராடியிருக்கிறார்கள்.